பதின்மூன்று பணிப்பாதைகளும் ஒரு தம்ளர் தண்ணீரும்

மனிதன் முன்னேறுவதற்கென்றே பிறந்திருக்கிறான். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பது மின்கம்பத்துக்கு உரிய குணம். இந்த உண்மையை நம்மில் பலர் கூட்டங்களில் கேட்டுக் கைதட்டிவிட்டு, வீடு போய்ச் சேருவதற்குள் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு பெரிய பொது மருத்துவமனையின் நிர்வாகம் அதை மறக்கவில்லை. தட்டச்சு செய்து, எண்ணிட்டு, முத்திரை குத்தி, எல்லா வார்டுகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பிவைத்தது.

"இம்மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் எவரும் ஒரே நிலையில் தேங்கி நிற்றல் ஆகாது என்பதைக் கனிவுடன் தெரிவித்துக்கொள்வதுடன், இணைப்பில் கண்ட பதின்மூன்று பணிப்பாதைகளுள் ஒன்றினை இம்மாத இறுதிக்குள் மனமுவந்து தேர்ந்தெடுக்குமாறு இதன்மூலம் ஆணையிடப்படுகிறது. மனமுவக்கத் தவறுவோர், மனமுவக்கும் காலம் வரை, துணிக்கிடங்கில் போர்வை எண்ணும் பணியில் அமர்த்தப்படுவர்."

இணைப்பில் இருந்த பாதைகள் எல்லாம் மேலானவை. தொற்றுத் தடுப்பு, வலி மதிப்பீடு, விழுதல் தடுப்பு, நோயாளி மனநிறைவு, ஆவணத் தரம், ஆராய்ச்சி என்று பட்டியல் நீண்டது. உலகத்துக்கு இவை ஒவ்வொன்றும் தேவை என்பதில் ஐயமில்லை. மருத்துவமனையின் நடைக்கூடத்தில் இவற்றை விளக்கி ஒரு பெரிய படமும் மாட்டினார்கள். அதில் பதின்மூன்று படிக்கட்டுகள் பதின்மூன்று திசைகளில் ஏறிச் சென்றன. எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு தரையாக, 'வார்டு' என்று ஒரு சிறு கட்டம். அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறியின் மேல் 'இங்கிருந்து புறப்படுக' என்ற வாசகம்.

புறப்படாத ஒருவர் இருந்தார். ஏழாம் வார்டு சிஸ்டர்.

ஏழாம் வார்டு என்பது அறுவைச் சிகிச்சை முடிந்த ஆண்களுக்கானது; முப்பத்திரண்டு கட்டில்கள். சிஸ்டர் அங்கே பத்தொன்பது ஆண்டுகளாக இருந்தார். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் மூன்று டாக்டர்கள் கைவிட்ட கையில் ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடிப்பார். வார்டின் அந்தக் கோடியில் ஒருவர் இருமினால், இந்தக் கோடியில் இருந்தபடியே, "பதினேழு, தையலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க" என்று குரல் கொடுப்பார். இத்தகைய தேக்கநிலையைப் போக்குவதற்காகவே பணிப்பாதை வழிகாட்டு அதிகாரி என்றொருவர் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் இதற்கு முன் நெடுஞ்சாலைத் துறையில் மைல்கற்களுக்கு எண் போட்டவர் என்பதால், வழிகாட்டுவதில் அவருக்கு ஈடு இல்லை.

அவர் சிஸ்டரை அன்புடன் வரவேற்றார்.

"வாங்க சிஸ்டர், உட்காருங்க. இன்னும் அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?"

"ஏழாம் வார்டுல சார்."

"சரி. பத்து வருஷத்துல?"

"அங்கயேதான் சார். ரிடையர் ஆக இன்னும் பதினோரு வருஷம் இருக்கே."

அதிகாரி கவலையோடு எதையோ குறித்துக்கொண்டார். "உங்களுக்கு ஆசைன்னு ஒண்ணுமே கிடையாதா?"

"இருக்கு சார். நாலாம் கட்டில்ல ஒரு தையல்காரர் இருக்கார். தொடை எலும்பு முறிஞ்சு, கால்ல எடை கட்டித் தொங்கவிட்டிருக்கு. திரும்பிக்கூடப் படுக்க முடியாது. அவரை முதுகுல ஒரு புண்ணு இல்லாம வீட்டுக்கு அனுப்பிடணும்னு ஆசை."

"அது அவரோட முன்னேற்றம் சிஸ்டர். நான் கேக்கறது உங்களோடது."

"அவர் எழுந்து நடந்தா எனக்கும் சந்தோஷம்தானே சார்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவர் நடந்து வீட்டுக்குப் போயிடுவார். நீங்க அங்கயே நிப்பீங்க. பத்தொம்பது வருஷமா ஏழாம் வார்டுல படுத்தவங்க எல்லாம் குணமாகி வெளிய வந்துட்டாங்க. உள்ள போய் இன்னும் வெளிய வராத ஒரே ஆள் நீங்கதான். இது எவ்வளவு சீரியஸான கேஸ்னு உங்களுக்குப் புரியுதா?"

சிஸ்டருக்குப் புரியவில்லை. அதையும் அதிகாரி குறித்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டில் சிஸ்டர் விஷயத்தைச் சொன்னபோது அவர் கணவருக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் பேருந்து ஓட்டுநர்.

"போர்வை எண்ணவா? உன்னையா? நானும் இருபத்திரண்டு வருஷமா அந்த ஒரே சீட்டுலதான் உக்காந்திருக்கேன். முன்னேறணும்னு நான் பாட்டுக்கு எழுந்து பின்னால போயிட்டா பஸ் யார் வீட்டுச் சுவத்துல போய் நிக்கும்னு கேட்டியா?"

"கேக்கலைங்க."

"கேட்டிருக்கணும். இந்தக் காலத்துல வேலை செய்யறவனுக்கு எங்கடி மரியாதை? பளபளன்னு எதையாவது சட்டையில குத்திக்கிட்டு வர்றவனைத்தான் ஊரே கும்பிடுது. நீ அசையாதே. ஒரு கை பாத்துடலாம்."

சிஸ்டர் அசையவில்லை. மற்றவர்கள் அசைந்தார்கள். ஏழாம் வார்டில் அவரோடு இருந்த ஐந்து செவிலியரும் ஆளுக்கொரு பாதை பிடித்தார்கள். ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு நிறத்தில் பேட்ஜ் வழங்கப்பட்டது. கடைசியாகப் போன இளைய செவிலி கண் கலங்க விடைபெற்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பாதை எடுத்தா நாற்காலி தர்றாங்க."

"எதுக்கும்மா கோவம்? நாற்காலி கிடைச்சா நல்லா உக்காரு. கால் வீக்கமாவது வத்தட்டும்."

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆறு பேர் ஓடிச் செய்த வேலையில் யாருக்குத்தான் கால் வீங்காது? அந்த ஆறு பேர் வேலை இப்போது ஒருவர் தலையில் விழுந்தது.

ஆனால் வார்டில் ஆள் குறைந்துவிட்டதென்று எவரும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒரு நோயாளியை நாளில் ஒரு செவிலியர் நான்கு முறை பார்ப்பார். இப்போது நான்கு வல்லுநர்கள் ஒவ்வொரு முறை பார்த்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு நாள் காலையில் நிகழ்ந்ததைச் சொன்னால் இந்த ஏற்பாட்டின் சிறப்பு விளங்கும்.

சிஸ்டர் வார்டின் கடைசியில், தையல் பிரிந்து ரத்தம் கசிந்த ஒருவரின் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி டாக்டருக்காகக் காத்திருந்தார். நாலாம் கட்டில் தையல்காரருக்குத் தாகம். தண்ணீர்க் கூஜா பக்கத்து மேசைமேல், விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அப்போது வலி மதிப்பீட்டு வல்லுநர் வந்தார்.

"ஐயா, உங்க வலிக்கு ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க."

"வலி இல்லம்மா. தாகம்."

வல்லுநர் தாளின் இரு பக்கமும் புரட்டினார். "தாகத்துக்கு இதுல கட்டம் இல்லையே ஐயா. வலின்னு வெச்சுக்கிட்டா எத்தனை?"

"ஏழு வெச்சுக்கோம்மா. தண்ணி?"

"ஏழு. ரொம்ப நன்றி." அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பின்னால் வந்த விழுதல் தடுப்பு வல்லுநர், தையல்காரர் கூஜாவை நோக்கிக் கை நீட்டுவதைக் கண்டு பதறிப்போனார். இப்படி எட்டிப் பிடிக்க முயலும்போதுதான் நோயாளிகள் விழுகிறார்கள் என்று பயிற்சியில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே, எட்டும் ஆசையே எழாதபடி கூஜாவை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். ஜன்னல் மேடையில் மூடியில்லாத கூஜாவைக் கண்ட தொற்றுத் தடுப்பு வல்லுநர் அதைக் கைப்பற்றி, பையிலிட்டு, சீல் வைத்து எடுத்துச் சென்றார். கடைசியாக நோயாளி மனநிறைவு வல்லுநர் சிரித்த முகத்தோடு வந்து நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இன்னிக்குக் காலையில எத்தனை பேர் உங்களை வந்து பாத்தாங்க?"

"உங்களோட நாலு பேரும்மா."

"நாலு பேரா! அது திருப்தியா இருந்துச்சா, ரொம்பத் திருப்தியா இருந்துச்சா?"

"நாக்கு ஒட்டிக்குதும்மா..."

"பேச வரலையா? சந்தோஷத்துல சிலருக்கு அப்படி ஆகும். ரொம்பத் திருப்தின்னே போட்டுடறேன்."

முக்கால் மணி நேரம் கழித்து, கையில் ரத்தம் கழுவிய ஈரத்தோடு ஓடி வந்த சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார். தையல்காரர் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "நீங்க மட்டும் எங்கயும் போயிடாதீங்க தாயி" என்று அழாக்குறையாகச் சொன்னார்.

போகச் சொல்லும் ஆணை அன்றைக்கே வந்திருந்தது. மாதம் முடிந்துவிட்டது, சிஸ்டர் மனமுவக்கவில்லை. 'வார்டுப் பொறுப்பை முறைப்படி ஒப்படைத்துவிட்டு உடனடியாகத் துணிக்கிடங்கில் சேரவும்' என்று எழுதியிருந்தது. இங்கேதான் நிர்வாகத்துக்கு ஒரு சிக்கல். செவிலியர் பணியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் வார்டை விட்டுப் போக வேண்டுமானால், பொறுப்பேற்பவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்பவர் 'புரிந்தது' என்று சொல்லிக் கையெழுத்திட்ட பிறகுதான் சொன்னவருக்கு விடுதலை. பொறுப்பேற்க யார் இருந்தார்கள்? வார்டுச் செவிலியர் என்ற நிலையில் மருத்துவமனையில் எவருமே மிஞ்சவில்லை. எல்லோரும் முன்னேறிவிட்டார்கள்.

இதை ஆராயும்படி ஆராய்ச்சிப் பாதையினரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. அவர்கள் ஆறு வாரம் உழைத்து, மருத்துவ உலகம் அதுவரை அறியாத ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள்: நோயாளியின் அருகில் ஒருவர் இருப்பது நோயாளிக்கு நல்லது. கண்டுபிடிப்பைக் கேட்ட அதிகாரி நெகிழ்ந்துபோனார். உடனே பதினான்காவது பாதை ஒன்று உருவாக்கப்பட்டது. 'படுக்கையோர நேரடிப் பராமரிப்புச் சிறப்பு வல்லுநர்.' படத்தில் அது எல்லாப் படிக்கட்டுகளுக்கும் மேலே, மேகங்களுக்கு நடுவே வரையப்பட்டது. அதற்குரிய பேட்ஜ் தங்க நிறம். ஏழாம் வார்டில் முதல் நியமனம்.

சிஸ்டர் இந்தப் புதிய பதவிக்கான சுற்றறிக்கையை மூன்று முறை படித்துப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தல், திருப்பிப் படுக்கவைத்தல், கைபிடித்து நடக்கவைத்தல். அத்தனையும் அவர் வேலை. இந்தப் பதவி கிடைத்தால் துணிக்கிடங்கும் இல்லை. பொறுப்பைத் தன்னிடமிருந்து தானே ஏற்றுக்கொண்டு வார்டிலேயே இருந்துவிடலாம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பதவிக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வில் அதிகாரி மிகுந்த பரிவோடு நடந்துகொண்டார்.

"பதின்மூணு பாதைப் பயிற்சிச் சான்றிதழும் வேணும் சிஸ்டர். உங்க கிட்ட எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். பயிற்சி நடந்தப்ப எல்லாம் நான் வார்டுல இருந்தேன்."

"அப்ப படுக்கையோரப் பராமரிப்புல உங்களுக்கு அனுபவமே இல்லைன்னு சொல்லுங்க."

"பத்தொம்பது வருஷமா படுக்கையோரத்துலதான் சார் நிக்கறேன்."

"அது வேலை சிஸ்டர். நான் கேக்கறது அனுபவம்."

பதின்மூன்று சான்றிதழ்களும் உடையவர் மருத்துவமனையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் செவிலியர் அல்ல, வருகைப்பதிவு எழுத்தர். பயிற்சி மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. எந்தக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும் என்று பிறருக்குக் காட்டுவதற்காக, ஒவ்வொரு நாளும் முதல் வரியில் தம் கையெழுத்தைப் போட்டு வைப்பார். கையெழுத்திட்ட அனைவருக்கும் கணினி சான்றிதழ் அச்சிட்டது. சிறப்பு வல்லுநர் செவிலியராக இருக்க வேண்டும் என்று விதிமுறையில் ஓரிடத்திலும் இல்லை; அதைச் சொல்லவும் வேண்டுமா என்று எழுதியவர்கள் விட்டுவிட்டிருந்தார்கள். கோப்பில் எழுதப்படாதது உலகத்திலும் இல்லை.

எழுத்தர் அலறினார். "சார், எனக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும்!"

"உண்மையான வல்லுநருக்குத்தான் இந்த அடக்கம் வரும்" என்று சொல்லி, அதிகாரி அவர் சட்டையில் தங்க பேட்ஜைக் குத்தினார். ஊசி தெரிந்ததால் எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் ஏழாம் வார்டு வாசலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க. நான் கேக்கவே இல்ல."

"மன்னிக்கறது இருக்கட்டும் சார். முதல்ல கையைக் கழுவுங்க."

ஒப்படைப்பு தொடங்கியது. "ஒண்ணாம் கட்டில். குடலிறக்க ஆபரேஷன், ரெண்டாம் நாள். தையல் சுத்தமா இருக்கு. காலையில எழுந்து நாலடி நடந்தார், தலை சுத்தல் இல்ல. ஆனா ராத்திரி சரியா சிறுநீர் போகல, மத்தியானம் வரைக்கும் கவனிக்கணும். புரிஞ்சுதா?"

பதின்மூன்று பயிற்சிகளிலும் 'புரிந்தது' என்ற கட்டத்தில் கையெழுத்திட்ட அந்த மனிதர், அன்று நோயாளியின் முகத்தைப் பார்த்தார். நோயாளியும் அவரைப் பார்த்தார். எழுத்தர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"புரியல சிஸ்டர்."

வாசகர்களே, ஓர் அலுவலகத்தில் ஒருவன் உண்மை பேசிவிட்டால் என்னென்ன ஆகும் என்று யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அவருக்குப் புரியும் வரை சிஸ்டர் வார்டை விட்டுப் போக விதியில் இடமில்லை. ஒன்றாம் கட்டில் அவருக்கு அரைகுறையாக விளங்க நான்கு நாள் பிடித்தது. அதற்குள் அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். புது நோயாளி வந்து படுத்தார். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. முப்பத்திரண்டு கட்டில்களிலும் இதே கதை. நாள்தோறும் பொழுது சாயும்போது எழுத்தர் பதிவேட்டில், 'ஒப்படைப்பு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். இதை அதிகாரி 'தொடர் ஒப்படைப்பு முறை' என்று பெயரிட்டு மேலிடத்துக்கு அறிவித்தார். வேறு மருத்துவமனைகளிலிருந்து குழுக்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போயின.

சிஸ்டருக்கும் குறை ஒன்றும் இல்லை. துணிக்கிடங்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எழுத்தரும் நல்ல மனிதர். சொன்னால் சொன்னபடி செய்வார். நோயாளியின் கழுத்தைத் தாங்கித் தண்ணீர் புகட்டவும், முதுகைத் துடைக்கவும் கற்றுக்கொண்டார். அவர் செய்வார், பின்னால் நின்று சிஸ்டர் சொல்லிக்கொடுப்பார். ஊசி வரும் நேரத்தில் மட்டும் அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார்.

தையல்காரர் முதுகில் ஒரு புண் இல்லாமல், ஊன்றுகோலோடு வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்தது. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதால் சிஸ்டரையே எழுதச் சொன்னார்.

"எழுதுங்க சிஸ்டர். 'தங்க பேட்ஜ் ஐயா கை பட்டதுலதான் என் கால் கூடுச்சு.'"

"கூடுச்சு. அப்புறம்?"

"'ஆனா ஒரு குறை. அவர் பின்னாலயே ஒரு சிஸ்டர் எந்நேரமும் நொய்நொய்னு சுத்திக்கிட்டு...' தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, சொல்லுங்க ஐயா."

"'...அவரை நிம்மதியா வேலை செய்ய விடறதில்ல. அவங்களை வேற எங்கயாவது மாத்தினா நோயாளிங்களுக்கு நல்லது.'"

"'நல்லது'ன்னு முடிச்சாச்சு. இங்க கையெழுத்துப் போடுங்க. ஊன்றுகோலை அந்தக் கையில பிடிக்காதீங்க, இந்தக் கையில."

கடிதம் அதிகாரியிடம் போனது. ஒப்படைப்பு எப்போது முடியும் என்று அவர் எழுத்தரை அழைத்துக் கேட்டார். "இன்னும் புரியல சார்" என்று அவர் திடமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் இதைக் கேட்டுக் கணவர் கொதித்தார். "நன்றி கெட்ட ஜென்மம்! ஒரு பேட்ஜைப் பாத்து மயங்கிட்டானே! மனுஷனுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

தையல்காரரை அப்படிக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாமெல்லாம் கட்டிலில் படுத்துப் பார்த்த பிறகு பேசுவோம்.

அடுத்த மாதம் கணவரே படுத்தார். இருபத்திரண்டு ஆண்டு கியரோடு மல்லுக்கட்டியதில் குடலிறக்கம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஏழாம் வார்டில் பதினோராம் கட்டிலில் கிடந்தார். மாலையில் தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், சிஸ்டர் தம்ளரோடு வந்து குனிந்தார்.

"எழுந்திரிக்காதீங்க. நான் தாங்கிக்கறேன், மெதுவா குடிங்க."

கணவர் தம்ளரைப் பார்த்தார். சிஸ்டரின் வெறும் சட்டையைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, பிறகு மெல்லத் திறந்தார்.

"அவர் எங்க?"

"யாரு?"

"அந்தத் தங்க பேட்ஜ் சார்."

"தண்ணி குடிக்க அவர் எதுக்குங்க? நான்தான் இருக்கேனே."

"நீதான் வீட்லயும் இருக்கியே." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பக்கத்துக் கட்டில்காரங்களும் அவர் கையால குடிக்கறாங்க. சம்சாரம் இங்க வேலை பாக்குதுன்னு எனக்கு மட்டும் சாதாரணமா முடிச்சுட்டாங்கன்னு நாளைக்கு நாலு பேர் பேச மாட்டாங்களா? கூப்பிடு, கூப்பிடு."

சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. எழுத்தர் அழைத்து வரப்பட்டார். கட்டிலருகே வந்ததும், "எந்தக் கை சிஸ்டர்?" என்று காதோடு கேட்டார்.

"இடது கை கழுத்துக்கு. வலது கையில தம்ளர். ஒரே மூச்சுல வேணாம், ஒவ்வொரு மடக்கா."

எழுத்தர் ஒரு விரற்கடை பிசகாமல் அப்படியே செய்தார். கணவர் கண்களை மூடி, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது ஆண்டு சிஸ்டரைக் கருணையோடு பார்த்தார்.

"பாத்துக்கிட்டியா? இப்படித்தான் கொடுக்கணும். பக்கத்துலயே நில்லு, கொஞ்சம் கொஞ்சமா உனக்கும் வந்துடும்."